ஏழுமலை ஓடமாட்டான்

சம்பங்கி வாசனை தெருவிலேயே பிடித்துக்கொண்டது. சேதராப்பட்டில் காலை ஷிப்டு முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருகிறேன். நம் வீட்டு வாசலில் வெள்ளைக் கார் ஒன்று நிற்கிறது. உள்ளேயிருந்துதான் அந்த வாசனை. கூடத்தில் உங்கள் படத்துக்கு ஆளுயர மாலை போட்டிருந்தார்கள். எடை தாங்காமல் படம் ஒரு பக்கம் சாய்ந்து, நீங்கள் யாரையோ எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தீர்கள்.

"ஆரக் கேட்டு மாலை போட்டீங்க?" என்றேன். நாற்காலியில் இருந்த இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். நம் மெர்சி சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள். "யம்மா, சும்மா இரும்மா. அப்பாவோட படத்துக்காரங்க. மெட்ராஸ்லேர்ந்து வந்துக்கிறாங்க."

படத்துக்காரர்கள் என்றால் எனக்கென்ன? கல்லறைத் திருநாளுக்குக் கல்லறையில் உங்களுக்கு மாலை போடுவதோடு சரி, வீட்டில் இருக்கும் படத்துக்கு நான் போடுவதில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். மாலையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய், தெருமுனையில் மாதா சிலை வைத்த கெபியில் சார்த்திவிட்டு வந்துதான் அவர்கள் முன்னால் உட்கார்ந்தேன். மாதாவுக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் வேறு யாரிடம் சொல்வது, உங்களிடம்தான் சொல்ல வேண்டும். இருந்தபோது என் பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டு உங்கள் சினிமாக் கதையை ஆரம்பித்துவிடுவீர்கள். இப்போது அது நடக்காது. முழுசாகக் கேளுங்கள்.

வந்தவர்களில் ஒருவர் பழைய மேனேஜர். முதல் படத்திலிருந்து இருக்கிறாரே, அவரேதான். தலை முழுக்க நரைத்துவிட்டது. இன்னொருவன் புது டைரக்டர், மெர்சிக்கு அண்ணன் மாதிரி இருப்பான், அவ்வளவுதான் வயசு. ஐந்தாம் பாகம் எடுக்கப் போகிறார்களாம். "ஏழுமலை கேரக்டர் பார்த்துதான் ஆன்ட்டி நான் சினிமாவுக்கே வந்தேன்" என்றான். பொய் சொல்கிற முகம் இல்லை. அதனால் டீயைக் குடிக்கவிட்டேன்.

நீங்கள் மட்டும் சினிமாவுக்கு நடிக்கவா போனீர்கள்? ஒயர் ஏற்றிக்கொண்டு போனீர்கள். பாகூர் ஏரிக்கரையில் ஷூட்டிங். ஜெனரேட்டர் ஒயரும் விளக்கும் ஏற்றிவர நம் மினி லாரியைப் பேசியிருந்தார்கள். ஹீரோவுக்குச் சிநேகிதனாக நடிக்க வேண்டிய ஆள் வரவில்லை என்று டைரக்டர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நீங்கள் அந்த நேரம் பார்த்து, சாப்பாடு ஏன் வரவில்லை என்று இதே மேனேஜரோடு மல்லுக்கு நின்றீர்கள். கரைமேல் கிடந்த பாட்டில் சில்லை மிதித்து இடது காலில் பெரிய கட்டு வேறு. நொண்டிக்கொண்டே போய்ச் சண்டை, நொண்டிக்கொண்டே வந்து சண்டை. டைரக்டர் திரும்பிப் பார்த்தார். "இந்த ஆளையே போடு, இப்படியே நடக்கட்டும்" என்றார். டிராக்டர் டிரைவர் ஏழுமலை அப்படித்தான் பிறந்தான்.

படத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஹீரோவின் அம்மாவை வெள்ளத்தில் டிராக்டரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற காட்சியில் தியேட்டரே விசில் அடித்தது. "எனக்கு அண்ணன் இல்ல, தம்பி இல்ல, நீதான்" என்று நீங்கள் ஹீரோவிடம் சொல்வீர்களே, வில்லியனூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறை பாக்கி கேட்கிறவன்கூட அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தான். உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. லோடு இறக்கப் போகிறவர் பவுடர் போட்டுக்கொண்டு போனீர்கள். ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்தப் படம் போட்டால், உங்கள் காட்சி வருகிறவரை குழம்பு ஆறிப்போய்க் கிடக்கும். வந்து முடிந்த பிறகு, அதை எப்படி எடுத்தார்கள் என்று நீங்கள் சொல்லி முடிக்கிறவரை சோறும் ஆறிப்போகும். எத்தனை தடவை கேட்டிருப்பேன்! மகாராசனே, இன்னும் ஒரு தடவை சொன்னால் கேட்பேன்.

இரண்டாம் பாகத்துக்குக் கூப்பிட்டபோது மெர்சி கைக்குழந்தை. உங்கள் கால் எப்போதோ ஆறிப்போயிருந்தது. அப்படியே நடந்தால் போதும், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. "ஒரு தடவ ஜனங்ககிட்ட ஒன்னு சொல்லிட்டோம்னா, அடுத்த தடவ வந்து அத பொய்யாக்கக் கூடாதுடி" என்றீர்கள். கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நொண்டி நொண்டி நடந்து பார்த்தீர்கள். வரவில்லை. வாத்து மாதிரி இருக்கிறது என்று நான் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் சவரியிடம் போனீர்கள். பாகூர் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் நம் சவரி, சின்ன வயசுக் காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனவர். கோயிலில்கூட அவரை 'நொண்டிச் சவரி' என்றுதான் சொல்வார்கள். பூசைக்கு வருகிற பெரியவர்களே அப்படித்தான் கூப்பிட்டார்கள், பிறகு பிள்ளைகளை என்ன சொல்வது? உங்கள் கூட்டாளிதானே என்று நீங்கள் நேராகப் போய்க் கேட்டுவிட்டீர்கள். நானும் கூட நின்றேன், ஸ்கூட்டருக்குக் காற்று அடிக்க.

"இன்னாடா, கேலி பண்ண வந்துக்கிறியா?" என்றார் சவரி.

"இல்லடா. ஒன்ன மாதிரி நடக்கணும். படத்துக்கு. நீ வேணாம்னா வேணாம்."

சவரி கையிலிருந்த டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். "நட. வேணாங்கல. ஆனா ஒன்னு. பயந்துக்கினு ஓடற சீன் கீன் வச்சானுங்கன்னா ஒத்துக்காத. இது ஓடற காலு இல்லடா. சின்ன புள்ளலேர்ந்து எவன் அடிச்சாலும் நின்னுதான் வாங்கிக்கிறேன். நின்னுதான் திருப்பிக் குடுத்துக்கிறேன். அவனும் நிக்கட்டும்."

"ஏழுமல ஓடமாட்டான்டா. போதுமா?" என்றீர்கள்.

அதைச் சும்மா வாய்வார்த்தையாக நீங்கள் விடவில்லை. இரண்டாம் பாகத்தில் அடியாள்கள் துரத்துகிற காட்சியில் எல்லோரும் ஓட, ஏழுமலை டிராக்டர் மேலேயே உட்கார்ந்து பீடி பற்றவைப்பான். கதையில் முதலில் அப்படி இல்லை. நீங்கள் ஓடமாட்டேன் என்று அடம்பிடித்ததால் மாற்றினார்கள். படத்தில் அதிகம் கைதட்டு வாங்கியது அந்த இடம்தான்.

அந்தப் படம் வந்த பிறகு ஊரில் பிள்ளைகள் எல்லாம் நொண்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயின. முதலில் எனக்குப் பயம், சவரி மனசு நோகுமே என்று. பார்த்தால் அவர் கடை முன்னால் நின்று, "டேய், எடது காலுடா, சோத்து கை பக்கம் இல்ல" என்று திருத்திக்கொண்டிருக்கிறார். எப்போது மாறியது என்று யாருக்கும் தெரியாது, 'நொண்டி' போய் அவர் பெயர் 'ஏழுமலை' ஆகிவிட்டது. "ஏழுமல கடையில காத்து அடிச்சிட்டு வா" என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். கடைசியில் அவரே 'ஏழுமலை பஞ்சர் கடை' என்று போர்டு எழுதி மாட்டினார். பங்குச் சாமியார் பார்த்துவிட்டு, "என்னய்யா சவரிமுத்து, மதம் மாறிட்டியா?" என்று கேட்க, "இல்ல சாமி, பேருதான் மாறிச்சி" என்றார். அந்த வருஷம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

அப்புறம் மூன்றாம் பாகம். சங்கராபரணி ஆற்றில் மணல் அள்ளுகிறவர்களின் லாரிக்கு முன்னால் ஏழுமலை நிற்க வேண்டும், லாரி நிற்காமல் வர வேண்டும். அவன் ஓடவில்லை. செத்தான். ஓடியிருந்தால் நான்காம் பாகத்திலும் இருந்திருக்கலாம் என்று மேனேஜர் கேலி செய்தார். நீங்கள், "ஓடிட்டு அப்புறம் இன்னாத்துக்கு ஏழுமல?" என்றீர்கள்.

சாவுக் காட்சியை எடுக்கிற அன்று நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "உசிரோட கீற மனுசன் மாலைய போட்டுக்கினு பாடையில படுப்பானா? ஒங்களுக்கு பைத்தியமா?" என்று கத்தினேன். போய்விட்டீர்கள். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சவரியின் மூன்று சக்கர வண்டியில் ஏறி நானும் வந்தேன். ஆளுயரச் சம்பங்கி மாலை உங்கள் மேல். மூக்கில் பஞ்சு. பூரணாங்குப்பத்திலிருந்து மாரடிக்கக் கூட்டிவந்த பெண்கள், காசுக்கு அழ வந்தவர்கள், உங்களைத் தெரிந்தவர்கள் ஆயிற்றே, நிஜமாகவே கதறிவிட்டார்கள். நான் விளக்குகளுக்குப் பின்னால் இருட்டில் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாய் ஜெபித்ததா உங்களைத் திட்டியதா என்று எனக்கே தெரியாது.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்தவர், காட்சி முடிந்ததும், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் திறந்து சிரித்துவிட வேண்டும். சாவு படத்தோடு போகட்டும், ஆளைத் தொட வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை. அது படத்தில் வராது. பிலிம் பெட்டியில் கிடக்கும். அன்றைக்கும் "இப்ப சிரிங்கண்ணே" என்று குரல் கொடுத்தார்கள். நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். "கேமராவ பாருங்க, கேமராவ பாருங்க" என்று யாரோ கத்தினார்கள். நீங்கள் சிரித்தீர்கள். பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வீட்டுக்கு வந்து உங்கள் தலையில் தண்ணீர் ஊற்றி, மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். கிறிஸ்தவ வீட்டில் இதெல்லாம் என்ன என்று கேட்டீர்கள். வாயை மூடுங்கள் என்றேன்.

படம் வந்ததும் நல்லவாட்டிலிருந்து என் சித்தி மீன் கூடையோடு வந்து இறங்கியதும், உங்களைக் கண்டதும் "ஏண்டா பாவி, அந்த லாரிக்கு கொஞ்சம் நவுந்து நின்னா இன்னாடா?" என்று முதுகில் ஒன்று வைத்ததும் நினைவிருக்கிறதா? மீன் வாங்க மறந்துபோய்ச் சிரித்தோம்.

நான்காம் பாகத்துக்கு மேனேஜர் நம் வீடு தேடி வந்தார். ஏழுமலைக்கு ஓர் இரட்டைப் பிறவி இருக்கிறானாம், அவனாக நீங்கள் வர வேண்டுமாம். உங்களுக்கு ஆசை. இல்லை என்று சொல்லாதீர்கள், கண்ணாடி முன்னாலேயே நின்றுகொண்டிருந்தீர்கள், மீசைக்கு மை வாங்கி வந்தீர்கள். பிறகு ஒரு மதியம் லாரியைக் கழுவிக்கொண்டே சொன்னீர்கள்: "அண்ணன் இல்ல தம்பி இல்லன்னு மொத படத்துல நாந்தான சொல்லிக்கிறேன். இப்ப போயி நானே ரெட்டப் புள்ளன்னா, அத கேட்டு அழுத ஜனம் இன்னா கேனயா?" நான் தலையில் அடித்துக்கொண்டேன். படம் நீங்கள் இல்லாமலே வந்தது. முதல் நாளே கூட்டிப் போனீர்கள். ஹீரோ வீட்டுச் சுவரில் ஏழுமலையின் போட்டோ இருக்கிறதா என்று படம் முழுக்கத் தேடினீர்கள். இல்லை. ஒருவன்கூட அவன் பெயரைச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது, வில்லியனூர் தாண்டியதும், "ஒரு போட்டோ மாட்டக் கூடாதா?" என்றீர்கள். இரட்டைப் பிறவியாக நடிக்காததற்கு வருத்தப்படாத மனுஷன், அந்தப் போட்டோவுக்காக ஒரு வாரம் வருத்தப்பட்டீர்கள்.

மெர்சி எட்டாவது படிக்கும்போது போனீர்கள். நெஞ்சுவலி வந்ததும் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறீர்கள், அதிலும் ஒழுங்கு. கூடத்தில் உங்களைக் கிடத்தி மாலை போட்டார்கள். அதே சம்பங்கி. பெட்டியை மூடுகிறவரை நான் அழவில்லை, எல்லோரும் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார்கள். நான் உங்கள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது திறப்பீர்கள், இப்போது சிரிப்பீர்கள் என்று. பைத்தியம்தான். ஆனால் ஒரு தடவை செய்தவர்தானே நீங்கள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் உங்கள் படத்துக்கு நான் மாலை போடவில்லை.

இப்போது அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

டீயைக் குடித்து முடித்து லேப்டாப்பைத் திறந்தான். "பழைய நெகடிவ்ல கிடைச்சது ஆன்ட்டி. பார்த்ததும் எனக்கு ஸ்டோரியே வந்துடுச்சு" என்றான். பார்த்தேன். பாடையில் நீங்கள். மாலை. மூக்கில் பஞ்சு. கண்ணைத் திறக்கிறீர்கள். சிரிக்கிறீர்கள். மெர்சி தரையில் மண்டியிட்டு லேப்டாப்புக்கு முகத்தைக் கொண்டுபோய்விட்டாள். "அப்பா சிரிக்கிறாரும்மா. அண்ணா, திருப்பிப் போடுங்கண்ணா." திருப்பிப் போட்டான். மறுபடி கேட்டாள். மறுபடி போட்டான். அவளுக்கு நீங்கள் இருந்த வருஷங்கள் கொஞ்சம், அவள் பார்க்காத அப்பா இன்னும் ஒருவர் இருக்கிறார் என்று அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஏழுமலை சாகவே இல்ல" என்றான் பையன். கண்ணெல்லாம் மினுக்கம். "மணல்காரங்களோட ஆளே அவன்தான். ஃபர்ஸ்ட் பார்ட்லேர்ந்து ஹீரோவ ஏமாத்திட்டிருக்கான். செத்த மாதிரி படுத்து எல்லாரும் போனதும் கண்ணத் தொறந்து சிரிக்கிறான். இன்டர்வெல் பிளாக். தியேட்டர் கிழிஞ்சிடும் ஆன்ட்டி. மிச்ச சீனுக்கு வேற ஆள் நடிப்பாரு, கம்ப்யூட்டர்ல சார் முகத்த வச்சிடுவோம். குடும்பத்துச் சம்மதம் இருந்தாதான் முகத்தத் தொடணும்னு வக்கீல் சொல்லிட்டாரு. அதான் வந்தோம்."

சோதனைக்கு எடுத்தது என்று இன்னொன்றைக் காட்டினான். சுடுகாடு. உங்கள் முகம் வைத்த ஒருவன் பாடையிலிருந்து இறங்கி, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஓடுகிறான். நன்றாக, நேராக, இரண்டு காலையும் ஊன்றி ஓடுகிறான்.

"ஏழுமல ஓடறாரு?" என்றாள் மெர்சி.

"அதான் ட்விஸ்ட்மா. காலும் நடிப்பு. மூணு படமும் சும்மா நொண்டியிருக்கான்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லவா வேண்டும்? ஆனால் அவன் சின்னப் பையன். கெட்டவனும் இல்லை. அதனால் கத்தாமல் கேட்டேன். "தம்பி, அவன் மொதல்லேர்ந்து துரோகின்னா, அந்த அம்மாவ வெள்ளத்துல தூக்கிக்கினு போனது?"

"அதுவும் பிளான்தான் ஆன்ட்டி. நம்பிக்கை வரணும்ல."

"அண்ணன் இல்ல தம்பி இல்லன்னது?"

"நடிப்பு."

"லாரி முன்னாடி நின்னது?"

"செட்டப்."

"அத பாத்து நாங்க அழுதது?"

பையன் லேப்டாப்பை மூடினான். மேனேஜர்தான் சொன்னார்: "எவ்ளோ வருஷம் ஆச்சும்மா, எவனுக்கு ஞாபகம் இருக்கு."

நான் சேதராப்பட்டில் எந்தப் பிரிவில் வேலை பார்க்கிறேன் என்று அவருக்குச் சொன்னேன். பேக்கிங்குக்கு முன்னால் சரக்கைச் சோதிக்கிற இடம். இன்றைக்கு ஓடுகிற சரக்கு சரியில்லை என்றால் இன்றைய சரக்கைத் தள்ளுவோம். போன மாசம் விற்ற நல்ல சரக்கை, ஜனங்கள் வீட்டில் வைத்துப் புழங்குகிற சரக்கை, கதவைத் தட்டி உடைத்துவிட்டு வரமாட்டோம். பிறகு பையன் பக்கம் திரும்பினேன். "புதுசா ஒன்னு பண்ணு. எப்பிடி வேணா பண்ணு, எவன வேணா துரோகி ஆக்கு. ஆனா நாங்க ஏற்கெனவே பாத்து முடிச்சத வூடு பூந்து எடுத்துக்கினு போவாத. அந்த மூணு படமும் ஒனக்கு முன்னாடி நின்னவங்க நாலு பேரு ஒழச்சது. அதுமேல நின்னுக்கினு அதையே ஏன்டா ஒதைக்கிற?" கடைசியில் 'டா' வந்துவிட்டது. வரட்டும்.

"சம்மதம் இல்ல" என்றேன். "முகமும் தரமாட்டேன், அந்தச் சிரிப்பும் தரமாட்டேன். அது படத்துக்குச் சிரிச்ச சிரிப்பு இல்ல."

எழுந்துபோகும்போது மெர்சி வாசல்வரை ஓடினாள். "அண்ணா, அப்பா சிரிக்கிறத மட்டும் எனக்கு அனுப்புவீங்களா?" பையன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர், "எல்லாம் ஒன்னாதாம்மா. அம்மா சம்மதிச்சா அன்னிக்கே குடுத்துடறோம்" என்றார். கார் கதவு சாத்திக்கொண்டது.

உங்கள் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நீ அப்பாவ நெறைய பாத்துட்டம்மா. ஒனக்கு போதும். எனக்கு அது புதுசு. இன்னொரு தடவ அப்பா புதுசா பேசறத, நடக்கறத பாத்திருப்பேன். பொய்யா இருந்தா இன்னா? எல்லா சினிமாவும் பொய்தான?" என்றாள். அவள் கேட்டது நியாயம். உங்கள் பெயரைச் சொல்லி உங்கள் பிள்ளையிடமிருந்து உங்களை எடுத்து வைக்கிறேனோ என்று எனக்கே மனசு ஆடிவிட்டது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போனாள். என்னோடு பேச்சு நின்றுபோனது. ஆனாலும் நான் மேனேஜருக்குப் போன் போடவில்லை. உங்கள் பிடிவாதத்தோடு குடும்பம் நடத்தியவள், எனக்கும் அது கொஞ்சமாவது ஒட்டாமலா இருக்கும்?

அவள் ஸ்கூட்டி பஞ்சர் ஆனது அந்த வாரம்தான். தள்ளிக்கொண்டு சவரி கடைக்குப் போயிருக்கிறாள். யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டுமே, அம்மா இப்படி அநியாயம் பண்ணுகிறாள் என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சவரி சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டிருக்கிறார். காலும் நடிப்பாம் மாமா, சும்மா நொண்டியிருக்கானாம் என்கிற இடம் வந்ததும் கை நின்றுவிட்டதாம். நிமிர்ந்து போர்டைப் பார்த்திருக்கிறார்.

"அப்ப இத கழட்டிட்டுமா கண்ணு?" என்றாராம். சிரித்துக்கொண்டேதான். "படம் வர்றதுக்குள்ள கழட்டிட்டா, பசங்க ஓட்டறதுக்கு முன்னாடி நாமளே முடிச்சிக்கலாம். பழைய பேருதான், மறந்தா பூடும்?"

மெர்சி வீட்டுக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. பையைத் தூக்கிப் போட்டாள். நேராக டைரக்டர் பையனுக்குப் போன் போட்டாள், நான் சொல்லாமலே. "அண்ணா, நா ஏழுமல பொண்ணு பேசறேன். எங்கம்மா சொன்னதுதான் எனக்கும். ஒங்க படத்துக்கு ஒரு ஊரே விசிலடிக்கும்னு நெனச்சிக்கினு கீறீங்க. எங்க ஊருல ஒருத்தரு பேரு பூடும். அத ஒங்களால திருப்பித் தர முடியுமா? முடியாதுல்ல. வச்சிடறேன்." வைத்துவிட்டாள். அந்தச் சிரிப்பு இனி அவளுக்குக் கிடைக்காது என்று தெரிந்தேதான் வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "யம்மா, அதுல அப்பா கேமராவ பாக்கல. பக்கத்துல எங்கியோ பாக்கறாரு. யாரப் பாத்து சிரிச்சாரு?"

மூன்று தடவை போட்டுப் பார்த்ததில் அதையும் பிடித்துவிட்டாள். "விளக்குக்குப் பின்னாடி நா நின்னேன்" என்றேன். ஜெபமாலையோடு நின்றதை, உங்களைத் திட்டியதை, மிளகாய் சுற்றியதை, எல்லாவற்றையும் அவளுக்கு முதல் தடவையாகச் சொன்னேன். நீங்கள் சொல்கிற மாதிரியே விஸ்தாரமாகச் சொன்னேன் போலிருக்கிறது, குழம்பு ஆறிப்போனது. அவள் திருப்பிச் சொல்லச் சொன்னாள். திருப்பிச் சொன்னேன். உங்களைப் பற்றி என்னிடம் இருப்பது இதெல்லாம்தான். எந்தப் பெட்டியிலும் இல்லாதவை, யாருடைய சம்மதமும் இல்லாமல் நான் அவளுக்குக் கொடுக்கக் கூடியவை. கேட்கும்போதெல்லாம் கொடுப்பேன்.

நேற்று மேனேஜர் போன் செய்தார். முகம் வேண்டாமாம். லாரியில் அடிபட்டு முகம் மாறிவிட்டது என்று காட்டி வேறு நடிகரைப் போட்டுக்கொள்கிறார்களாம். கதாபாத்திரம் கம்பெனியுடையது, அதை யாரும் தடுக்க முடியாது, தெரிந்துகொள்ளுங்கள் என்றார். தெரிந்துகொண்டேன். தடுக்க முடியாதுதான். "எடுங்க" என்றேன். "முதல் நாள் முதல் ஆட்டத்துக்கே நாங்க வர்றோம். சவரி அண்ணன நடுவுல உக்கார வச்சிக்கினு வர்றோம்."

போனை வைத்துவிட்டு மெர்சியிடம் சொன்னேன். சவரி கடைக்கும் ஆள் அனுப்பிப் போர்டில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. வேண்டுமானால் புதுசாகப் பெயின்ட் அடிக்கட்டும். திரையில் எவனாவது வந்து ஏழுமலை துரோகி, அவன் கால் பொய் என்று சொல்லட்டும், விசில் சத்தத்துக்கு நடுவே நான் எழுந்து நின்று, "பொய்யி, அவன் ஓடமாட்டான்" என்று கத்துவேன், பிடித்துத் தள்ளினால் தள்ளட்டும் என்றேன்.

மெர்சி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நீ ஒக்காரும்மா. ஒனக்கு கொரலு பத்தாது. நா எந்திரிக்கிறேன்."